அரிய நோயும் பொது அட்டவணையும்: பப்மெட் தேடல் சேவை, ஒரு மதிப்பீடு

கருவுற்று ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது என் தங்கையின் இடது கை தானாக ஆடத் தொடங்கியது. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனால் விரல்கள் அதைத் தாண்டிப் போய்விடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோள் குலுங்கும். தூங்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டுப் பரிசோதனைச் சீட்டின் ஓரத்தில் ‘கொரியா கிராவிடாரம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அன்றிரவு அவள் என்னிடம் நோயின் பெயரைக் கேட்கவில்லை, மருந்தைக் கேட்கவில்லை. “அக்கா, இது எனக்கு மட்டும்தான் வந்திருக்கா?” என்று கேட்டாள்.

நான் மருத்துவர் அல்ல. மருத்துவக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால், பப்மெட் என்னும் ஆய்வுக்கட்டுரைத் தேடல் சேவையைப் பல ஆண்டுகளாகக் கலைச்சொல் சரிபார்க்கப் பயன்படுத்தி வந்தேன். ஆனால் அகராதியைப் புரட்டுவதுபோல் அதைப் பயன்படுத்துவது வேறு, வீட்டில் ஒருத்திக்கு நோய் வந்தபின் பயன்படுத்துவது வேறு. அந்த இரவில் தொடங்கி அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகும் தொடர்ந்த தேடலை வைத்தே இதை எழுதுகிறேன். பேறுகாலத்தில் வரும் அரிய நரம்பு நோய்கள், கருவுற்றவரைப் பாதிக்கும் சுற்றுச்சூழல் நச்சுகள் ஆகிய இரண்டு பொருள்களை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறேன். மற்றத் துறைகளில் இந்தச் சேவை எப்படி என்பது என் மதிப்பீட்டில் அடங்காது.

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலர் இதை ஏதோ ஓர் இணைய மருத்துவமனைபோல நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பப்மெட் ஓர் அட்டவணை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இதை நடத்துகிறது. அந்த நூலகத்தில் 1879ஆம் ஆண்டு ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் படை மருத்துவர் தொடங்கிவைத்த ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற அச்சு அட்டவணைதான் இதன் பாட்டி. 1996இல் பப்மெட் சோதனை முறையில் இணையத்துக்கு வந்தது. 1997 ஜூன் மாதம் முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம் என்று ஆனது. இன்று அதில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகள் உள்ளன. கட்டுரையின் தலைப்பு, எழுதியோர், இதழின் பெயர், பெரும்பாலும் ஒரு சுருக்கம், அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண்: அங்கே இருப்பது இவ்வளவுதான். முழுக்கட்டுரை அங்கே கிடையாது. கட்டுரை இருக்கும் இடத்துக்குப் போகும் வழி மட்டும் இருக்கும். தேடுவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, நீங்கள் தேடிய நோய்க்கான மாத்திரை மறுநாள் உங்கள் திரையில் வந்து நிற்பதும் இல்லை. அச்சத்தோடு தேடுகிற ஒருவருக்கு இந்த அமைதி எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

‘கொரியா’ என்பது கிரேக்கத்தில் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; ‘கிராவிடாரம்’ லத்தீனில் கருவுற்ற பெண்களைக் குறிக்கும். (தமிழில் எழுதினால் நாட்டின் பெயரும் நோயின் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன; “அந்த ஊருக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று எங்கள் பெரியம்மா கேட்டது அந்த நாட்களில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு.) அந்த இரண்டு சொற்களைத் தேடுபெட்டியில் இட்டதும் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழாகப் படிக்காமல், பழையதிலிருந்து புதியதாக அடுக்கச் சொல்லிப் படித்தேன். பப்மெட்டைப் பயன்படுத்துவோருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுவே. அரிய நோயின் வரலாற்றை ஆண்டு வரிசையில் படிக்கும்போது, அதன் காரணம் மாறிக்கொண்டே வந்திருப்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஆட்டம் பெரும்பாலும் முடக்குக் காய்ச்சல் எனப்படும் ருமாட்டிக் காய்ச்சலோடு சேர்த்தே பேசப்பட்டது. சிறுவயதில் தொண்டைத் தொற்றால் அந்தக் காய்ச்சல் கண்ட பெண்களுக்குக் கருவுற்றபோது கைகால் ஆட்டம் தலைகாட்டியது. பென்சிலின் வந்து அந்தக் காய்ச்சல் குறைந்த இடங்களிலெல்லாம் இந்த நோயும் அரிதாகிவிட்டது. பிந்தைய கட்டுரைகளில் அதன் இடத்தில் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயும், ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பெயர் ஒன்றாகவே இருக்கிறது. அதற்குள்ளே இருக்கும் நோய் மாறிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, மறுநாள் மருத்துவரிடம் அந்த எதிர்ப்பொருள் பரிசோதனை பற்றிக் கேட்கலாம் என்று பெருமையோடு குறித்து வைத்தேன். அவர் அதை முந்தின நாளே எழுதியிருந்தார். அட்டவணை யாருடைய உயிரையும் காப்பாற்றியது என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் ஏன் அந்தப் பரிசோதனையை எழுதினார் என்பது எனக்குப் புரிந்தது, என் தங்கைக்குப் புரியவைக்க முடிந்தது, அவ்வளவே. என்னைப் பொறுத்தவரை அதுவே போதுமான பயன்.

ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பட்டியல் தந்த பதில் பாதிதான். அவளுக்கு மட்டும் வரவில்லை என்பதற்குச் சான்று இருந்தது. எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்கு இல்லை. அரிய நோய்கள் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ‘கேஸ் ரிப்போர்ட்’ என்னும் ஒற்றை நோயாளி அறிக்கைகளே. ஒருவருக்கு வந்த அபூர்வமான நோய், அபூர்வம் என்பதாலேயே அச்சேறுகிறது. அதே நோய் வழக்கமான முறையில் வந்து வழக்கமாகக் குணமானால் அதை எழுத யாரும் உட்காருவதில்லை. ஆகவே பட்டியலில் மோசமாக முடிந்தவையும் விசித்திரமாகத் தொடங்கியவையும் கூடுதலாகத் தென்படும். சுருக்கங்களை வரிசையாகப் படித்தால் நெஞ்சு படபடக்கும். கருவுற்றிருப்பவரே இந்தப் பட்டியலைப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறவினர் ஒருவர் படித்து, ஆறவைத்துச் சொல்வது நல்லது. என் தங்கையிடமிருந்து கைப்பேசியை நான் வாங்கி வைத்துக்கொண்டது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இந்தச் சேவையின் உயிர்நாடி என்று நான் கருதுவது ‘மெஷ்’ என்னும் தலைப்புச்சொல் தொகுதி. முப்பதாயிரம் அளவிலான இந்தத் தலைப்புகள் கிளைகளாக, கிளைக்குள் கிளைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன; ஒரு கட்டுரை எந்தச் சொல்லைப் பயன்படுத்தி எழுதப்பட்டிருந்தாலும் அதை உரிய தலைப்பின்கீழ் கொண்டுவந்து சேர்ப்பதே இதன் வேலை. பேறுகால நரம்பு நோய்களில் இது இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது, ஏனெனில் இங்கே ஒரே நோய் பல பெயர்களில் உலவுகிறது. எடுத்துக்காட்டாக, மூளையின் பின்பகுதியில் நீர்க்கோத்து, தலைவலியும் வலிப்பும் பார்வை மங்கலும் வந்து, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும் நிலையை 1996இல் ஜூடி ஹிஞ்சியும் உடன் ஆய்வாளர்களும் 15 நோயாளிகளை வைத்து விவரித்தார்கள். அவர்களில் மூவர் எக்லாம்ப்சியா, அதாவது நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று சொன்ன வலிப்பு, கண்ட பெண்கள். அன்று அவர்கள் வைத்த பெயரில் இருந்த சொற்களைப் பின்னால் வந்தவர்கள் முன்பின்னாக மாற்றி, ஒன்றைச் சேர்த்து, ஒன்றைக் கழித்து, இன்று ‘பிரெஸ்’ என்ற சுருக்கப் பெயரில் வழங்குகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களில் இடி விழுந்தாற்போல் வரும் தலைவலியோடு மூளை ரத்தக்குழாய்கள் இறுகும் நோயின் கதை இன்னும் சிக்கல்: 1988இல் கால், பிளெமிங் ஆகியோரின் கட்டுரையை ஒட்டி அவர்கள் பெயராலேயே அழைக்கப்பட்டது, மகப்பேற்றுத் துறையினர் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தக்குழாய் நோய் என்று எழுதினார்கள், தலைவலி நிபுணர்கள் வேறொரு பெயர் சொன்னார்கள், 2007இல்தான் எல்லாவற்றையும் ‘ஆர்சிவிஎஸ்’ என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவரும் முயற்சி நடந்தது. வெறும் சொல்லைத் தட்டித் தேடுபவர் இந்தப் பெயர்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று பெயர்களில் எழுதப்பட்டதையெல்லாம் தவறவிடுவார்.

பப்மெட் இதில் ஒரு கைகொடுக்கிறது. நீங்கள் இட்ட சாதாரணச் சொல்லை அது தானாகவே தலைப்புச்சொல்லாக மாற்றித் தேடிப் பார்க்கும். மாரடைப்பை ஆங்கிலப் பேச்சுவழக்கில் தட்டினாலும் அதன் மருத்துவப் பெயரில் உள்ளவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். நல்ல ஏற்பாடு, ஆனால் அது உங்கள் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைப் பார்க்காமல் விடக்கூடாது. மேம்பட்ட தேடல் பக்கத்தில் தேடல் வரலாற்றை விரித்தால், உங்கள் இரண்டு சொற்கள் எத்தனை சொற்களாகப் பெருகின, எங்கே அடைப்புக்குறி விழுந்தது என்பது வரி வரியாகத் தெரியும். அந்த வரிகளைப் படிக்கப் பழகிய அன்றுதான் எனக்கு இந்தச் சேவை வசப்பட்டது. அதுவரை என் முதல் பக்கத்து முடிவுகளில் பாதி எனக்குத் தொடர்பில்லாதவையாக இருந்தன. குறை பெட்டியில் இல்லை, நான் கேட்ட விதத்தில் இருந்தது.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் வரும் ‘இதைப் போன்ற கட்டுரைகள்’ என்ற பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அறிந்த மிகப் பயனுள்ள செய்தி ஒன்று அப்படித்தான் கிடைத்தது. கர்ப்ப காலத்தில் கட்டுக்கடங்காமல் வாந்தி எடுக்கும் பெண்களுக்கு, உடலிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து தீர்ந்துபோய், கண்விழி அசைவு குலைந்து, நடை தள்ளாடி, மனம் குழம்பும் வெர்னிக்கே நோய் வரலாம். இது குடிநோயாளிகளுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 1881இல் கார்ல் வெர்னிக்கே இதை விவரித்தபோது அவருடைய மூன்று நோயாளிகளில் ஒருத்தி கந்தக அமிலம் குடித்துவிட்டு, அதனால் ஓயாமல் வாந்தியெடுத்த இளம் தையற்காரி. குடிப்பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைவிட, வாந்திக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதல்ல என்பது தொடக்கத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வாந்தியால் வாடியவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் கொஞ்சம் தயமினும் செலவாகி நோய் முற்றக்கூடும் என்ற எச்சரிக்கை கட்டுரைக்குக் கட்டுரை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே எச்சரிக்கையை இத்தனை முறை எழுத வேண்டியிருந்தது என்பதே, அது இன்னும் மறக்கப்படுகிறது என்பதற்கு அடையாளமாக எனக்குப் பட்டது.

இனி இரண்டாவது பொருள். என் தங்கையின் நோய்க்கும் சுற்றுச்சூழலுக்கும் தொடர்பிருக்கலாம் என்று உறவினர் ஒருவர் கிளப்பிவிட, நச்சுப்பொருள்கள் பக்கம் என் தேடல் திரும்பியது. அவளைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் வீண் என்று பின்னால் தெரிந்தது; பரிசோதனை எதிர்ப்பொருளையே காட்டியது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

பாதரசத்தில் தொடங்கினேன். ஜப்பானில் மினமாட்டா ஊரின் நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்கு வந்தது. அதுவரை மருத்துவ உலகம் நஞ்சுக்கொடி ஒரு தடுப்புச்சுவர் என்று நம்பியிருந்தது. (தமிழில் அந்த உறுப்பின் பெயரிலேயே நஞ்சு இருப்பது தற்செயல்தான், ஆனாலும் ஒவ்வொரு முறை மொழிபெயர்க்கும்போதும் என் கை ஒரு கணம் நிற்கும்.) மெத்தில் பாதரசம் அந்தச் சுவரைத் தாண்டிப் போனது. தாயிடம் அறிகுறி ஏதும் இல்லாமலோ லேசாகவோ இருக்க, குழந்தை மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தது. 1962இல்தான் இது கருவிலேயே வந்த மினமாட்டா நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அங்கே பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பாதுகாத்து வைக்கும் வழக்கம் இருந்ததால், ஆண்டுகள் கழித்து நிஷிகாகியும் ஹராடாவும் அந்தக் காய்ந்த கொடிகளில் மெத்தில் பாதரசத்தை அளந்து 1975இல் வெளியிட்டார்கள். எந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு எவ்வளவு நஞ்சு போயிற்று என்பதற்கு வீட்டுப் பெட்டிகளே சாட்சி சொல்லின.

இந்த இடத்தில் பப்மெட்டின் எல்லை தெரிய வரும். 1975க்கு முற்பட்ட குறிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம் இருக்காது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வந்தவற்றின் தலைப்பை மட்டும் மொழிபெயர்த்துச் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். நச்சு வரலாற்றின் தொடக்க ஆண்டுகளைத் தேடுபவர் இப்படிப்பட்ட ஒற்றை வரித் தலைப்புகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கதவு தெரிகிறது, சாவி இல்லை.

அதைவிடப் பெரிய எல்லை வேறொன்று. குறைந்த அளவுப் பாதரசம் கருவுக்குத் தீங்கா என்று தேடினால், இரண்டு தீவுக்கூட்டங்கள் எதிரெதிரே வந்து நிற்கும். பரோத் தீவுகளில் 1986–87இல் பிறந்த 1,022 குழந்தைகளைப் பிலிப் கிராஞ்சனின் குழு தொடர்ந்து பார்த்து, தாய்க்கு அதிகப் பாதரசம் போன குழந்தைகளுக்கு ஏழு வயதளவில் மொழி, கவனம், நினைவு ஆகியவற்றில் சிறு பின்னடைவு இருப்பதாக 1997இல் எழுதியது. அங்கே பாதரசம் பெரும்பாலும் பைலட் திமிங்கில இறைச்சியிலிருந்து வந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் 779 தாய்–சேய் இணைகளைத் தொடர்ந்த குழுவோ, ஒன்பது வயதுச் சோதனைகளின் பிறகு 2003இல், அன்றாடம் கடல்மீன் உண்ட தாய்மார்களின் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட தீங்கு தென்படவில்லை என்றது. திமிங்கிலத்தில் பாதரசத்தோடு வேறு நச்சுகளும் சேர்ந்திருந்தனவா, மீனிலுள்ள நல்ல கொழுப்பு நஞ்சின் கேட்டை ஈடுகட்டியதா என்று விவாதம் நீண்டது. பப்மெட் இரண்டையும் அருகருகே வைக்கும். எது கனமானது என்று சொல்லாது. சொல்லக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் ஒரு பக்கத்துக் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஆய்வு நிரூபித்துவிட்டது’ என்று எழுதுபவர்களுக்கு இந்த அட்டவணை எவ்வளவு வசதியானது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அளவு கூடினால் என்னாகும் என்பதில் மட்டும் விவாதம் கிடையாது: ஈராக்கில் 1971–72இல், மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்றதில் 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு, 459 பேர் அங்கேயே இறந்தார்கள்.

ஈயத்தைப் பற்றிப் படித்ததில் என் மனத்தில் தங்கியது எலும்பின் பங்கு. ரத்தத்தில் ஈயம் வாரக்கணக்கில் குறைந்துவிடும். எலும்பில் பத்தாண்டுகளுக்கு மேலும் கிடக்கும். கரு தன் எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து கேட்கும்போது தாயின் எலும்பு கரைகிறது. அதில் புதைந்திருந்த பழைய ஈயமும் சேர்ந்து வெளியே வருகிறது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பெண்களை வைத்து பிரையன் கல்சனின் குழு இதைக் காட்டிய முறை அழகானது: ஒவ்வொரு நாட்டு ஈயத்துக்கும் ஐசோடோப்பு விகிதம் வேறு என்பதால், கர்ப்ப காலத்தில் அவர்கள் ரத்தத்தில் ஏறியது புதிய நாட்டின் ஈயமா, அவர்கள் விட்டுவந்த நாட்டின் ஈயமா என்று பிரித்தறிய முடிந்தது. பழைய ஊர் எலும்புக்குள் கூடவே வந்திருந்தது.

இப்படி இரண்டு பொருள்களையும் மாறி மாறித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த மதிப்பீட்டில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் ஒன்று கண்ணில் பட்டது. தாயின் நரம்பு நோயைத் தேடினால் மூளைப் படங்கள், எதிர்ப்பொருள்கள், மருந்துகள் எல்லாம் வருகின்றன. அந்தத் தாய் என்ன காற்றைச் சுவாசித்தாள், என்ன தண்ணீரைக் குடித்தாள், எங்கே வேலை செய்தாள் என்பது சுருக்கங்களில் அநேகமாக இல்லை. சுற்றுச்சூழல் நச்சைத் தேடினால் தொப்புள்கொடி ரத்தம், பிள்ளையின் அறிவுத்திறன், பிள்ளையின் நடத்தை என்று வருகிறது; தாய் அங்கே நஞ்சு கடந்துபோகும் வழியாக மட்டுமே இருக்கிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் கட்டுரைகள் என் கண்ணில் மிகக் குறைவாகவே பட்டன. தலைப்புச்சொல் தொகுதியில் ‘தாய் வழி நச்சுத் தொடர்பு’ என்றும், ‘பிறப்புக்கு முந்தைய தொடர்பின் பின்விளைவு’ என்றும் தலைப்புகள் உள்ளன. இரண்டையும் திறந்து படித்தால் பேச்சு பெரும்பாலும் பிள்ளையைப் பற்றித்தான். இது அட்டவணையின் குற்றம் அல்ல. எழுதப்பட்டதைத்தான் அது அடுக்க முடியும். ஆனால் எது எழுதப்படவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி வேறு எனக்குத் தெரியாது.

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதில்லை. கருவுற்ற ஒருத்தி தலைவலி என்று வந்தால், அது ரத்த அழுத்தத்தாலா, மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்ததாலா, முன்பு சொன்ன ரத்தக்குழாய் இறுக்கத்தாலா என்று யோசிப்பார்கள். மூடிய அறையில் எரியும் அடுப்பிலிருந்தோ கணப்பிலிருந்தோ கசிந்த கார்பன் மோனாக்சைடும் அதே தலைவலியோடுதான் தொடங்கும். கருவின் ஹீமோகுளோபின் அந்த வாயுவைத் தாயினுடையதைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்வதாலும், அதைவிட்டு நீங்க நீண்ட நேரம் பிடிப்பதாலும், தாய் தெளிந்துவிட்டாள் என்று நினைக்கும் நேரத்தில் கரு இன்னும் ஆபத்தில் இருக்கலாம். வீட்டில் வேறு யாருக்காவது தலைவலி இருக்கிறதா, வெளியே போனால் குறைகிறதா என்ற இரண்டு கேள்விகளே பல நேரங்களில் வழி காட்டிவிடும். அந்தக் கேள்விகளைப் பேறுகாலத் தலைவலி பற்றிய கட்டுரைகளில் தேடிக் களைத்தேன். நச்சியல் கட்டுரைகளில் முதல் பத்தியிலேயே இருந்தன.

குறைகளுக்கு வருகிறேன். அட்டவணை இலவசம், அது காட்டும் கட்டுரை இலவசமாக இருக்க வேண்டியதில்லை. இணைப்பைச் சொடுக்கினால் பதிப்பகத்தின் வாசலில் போய் நிற்போம். ஒரு பதிப்பகத்தில், இரண்டு பக்கமே உள்ள நோயாளி அறிக்கை ஒன்றுக்குப் பணம் கட்டித் திறந்து பார்த்தால், சுருக்கத்தில் இருந்ததற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து, ‘இலவச முழுக்கட்டுரை’ என்ற வடிகட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு, 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பப்மெட் சென்ட்ரல் என்னும் முழுக்கட்டுரைக் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று தேடிவிட்டு, அங்கும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே மரியாதையாக ஒரு மடல் எழுதிக் கேட்கிறேன். பெரும்பாலோர் அனுப்பிவைக்கிறார்கள், அரிய நோயை எழுதியவர்களுக்கு வாசகர்களும் அரிதுதானே.

இன்னொரு குழப்பம்: பப்மெட்டில் இருப்பதெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட இதழ்கள் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே ‘மெட்லைன்’ என்ற தேர்ந்த தொகுதி தனியாக இருக்கிறது. வேறு வழிகளில் வந்து சேரும் கட்டுரைகளும் அதே பட்டியலில் கலந்து நிற்கின்றன. ஓர் ஆய்வு பப்மெட்டில் இருக்கிறது என்பது அது சரியானது என்பதற்கான முத்திரை அல்ல. அந்த நூலகமே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தலைமேல் அதற்கான அறிவிப்பைப் பளிச்சென்று ஒட்டிவைப்பது மட்டும் பாராட்டத்தக்க நேர்மை. நச்சியலுக்கென்று இதே நூலகம் நடத்திவந்த டாக்ஸ்நெட் என்னும் தனி வாயில் 2019 டிசம்பரில் மூடப்பட்டு, அதன் பகுதிகள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. பாலூட்டும் தாய்மார் உட்கொள்ளும் மருந்துகள் பற்றிய லாக்ட்மெட் இப்போது புத்தக அலமாரிப் பிரிவில் இருக்கிறது. தெரிந்து போனால்தான் கிடைக்கும். நச்சுகளைத் தேடும் பொதுவாசகருக்கு ஒரே வாயில் இருந்தது நல்ல ஏற்பாடாகவே இருந்திருக்கும்.

மாற்று ஒன்றையும் சோதித்தேன். கேள்வியைப் பேச்சுமொழியில் கேட்டால் ஆய்வுகளைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் கட்டணச் செயலி ஒன்று. கொரியா கிராவிடாரம் பற்றி அது சரளமாகப் பேசியது. சான்றாகத் தந்த மூன்று தலைப்புகளில் ஒன்றைப் பப்மெட்டில் எத்தனை விதமாகத் தேடியும் காணோம். அப்படி ஒரு கட்டுரையே இல்லை. அதன் பிறகு யார் எந்த ஆய்வைச் சொன்னாலும் அதன் எண்ணைக் கேட்டு வாங்கி, பெட்டியில் இட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பத்து நொடி வேலை.

யாருக்கு இது உகந்தது? ஆங்கிலத்தில் சுருக்கங்களைப் படித்துப் பொருள் கொள்ளக்கூடியவர், ஒரு குறிப்பிட்ட நோய்ப்பெயரை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர், தன் மருத்துவரிடம் இன்னும் தெளிவாகப் பேச விரும்புபவர்: இவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்க வருபவருக்கு வேண்டாம். மருந்தைத் தானே முடிவு செய்ய நினைப்பவருக்கு வேண்டவே வேண்டாம். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களை வைத்து நடந்து 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியக்கூடிய முன்சூல்வலிப்பு கண்டவர்களுக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைவதைக் காட்டியது. பேறுகால மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான முடிவுகள் குறைவு. அதே மெக்னீசியம், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய் உள்ள கருவுற்றவருக்கு மூச்சுத் தசைகளையே தளர்த்திவிடக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. முதல் செய்தி பட்டியலின் உச்சியில் இருக்கும். இரண்டாவது, அந்த நோயின் பெயரையும் சேர்த்துக் கேட்டால் மட்டுமே மேலே வரும். எதைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது, நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆட்டம் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் நின்றுபோனது. அந்த எதிர்ப்பொருளுக்கான கண்காணிப்பு தொடர்கிறது. தேடலைச் சேமித்து வைத்தால் புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் அனுப்பும் வசதி பப்மெட்டில் உண்டு. நான் மூன்றைச் சேமித்திருக்கிறேன். பேறுகால நரம்பு நோய்கள் பற்றியது அடிக்கடி வருகிறது. கருவைத் தாக்கும் நச்சுகள் பற்றியது அதைவிட அடிக்கடி வருகிறது. நச்சு, கர்ப்பம், தாயின் சொந்த மூளை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்ட மூன்றாவது தேடலிலிருந்து மின்னஞ்சல் வருவது அபூர்வம்; வந்தாலும், திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கிறது.